மந்தைவெளியில் ஒரு மருந்துக்காரி

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். கையில் வாடை போகவில்லை. ஆஸ்பத்திரித் தரை துடைக்கும் தண்ணீரில் பழைய பெயிண்டைக் கரைத்தது போல ஒரு வாடை. உனக்கு நான் சொல்ல வேண்டுமா என்ன, பத்து வருஷம் உன் மேல் அடித்த வாடைதானே. இன்று விடியற்காலை உன் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டுதான் மருந்து அடித்தேன். போன வாரம் உன் மகள் அதை ஒரு பையில் திணித்துக் கொண்டுவந்தாள். "பெரிம்மா, அம்மாவோடது. தூக்கிப் போடவும் மனசு வரல, வீட்ல வெச்சுக்கவும் முடியல" என்று வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிவிட்டாள். நீ ஒல்லிக்குச்சி, நான் இப்படி. இரண்டு பட்டனைப் போடவே முடியவில்லை. மேலே ஒரு துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உனக்காக நான் அழுததைவிட உன்னைத் திட்டியதுதான் அதிகம். அதற்கும் மேலே மற்றவர்களைத் திட்டியிருக்கிறேன். நீ செத்துப் பதினாறாம் நாள் முடிவதற்குள், பால் பூத் வாசலில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்கிறாள்: "மருந்து அடிச்சு அடிச்சே போய்ட்டா பாவம்." எனக்கு வந்ததே கோபம். "உனக்கு எந்த டாக்டர் சொன்னான்? அவங்க நைனாவும் அதே வயசுல, அதே மாதிரி மார புடிச்சுகினு போனாரு. அவரு இன்னா மருந்து அடிச்சாரு?" என்று கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீ பக்கத்தில் இருந்திருந்தால் என் முந்தானையைப் பிடித்து இழுத்திருப்பாய். இல்லை, நீயும் சேர்ந்து கத்தியிருப்பாய். எதுவோ ஒன்று செய்திருப்பாய். சும்மா இருந்திருக்க மாட்டாய்.

உனக்கு 'மருந்துக்காரி' என்று பெயர் வந்த கதையை முதலிலிருந்து ஒரு முறை சொல்லிப் பார்க்கிறேன். அதில் ஒரு இடத்தில் நான் பொய்யாக நின்றிருக்கிறேன். அதைத் தாண்டிப் போகாமல் இன்றைக்காவது சொல்ல வேண்டும்.

பத்தாவது வரை நாம் ஒரே பெஞ்ச். அப்புறம் நீ உன் அம்மாவின் மாடுகளோடு மந்தைவெளிச் சந்திலேயே நின்றுவிட்டாய். நான் தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு விதைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். மாடித் தோட்டக்காரர்களுக்கு வேப்பெண்ணெயும் வெண்டை விதையும் தேங்காய் நார்த் தூளும் விற்கிற கடை. உள்ளே பூட்டிய அலமாரியில் நிஜமான மருந்துகள் இருக்கும். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சாணி வாடையோடு நீ உள்ளே நுழைந்ததும், ரோஜாவுக்கு உரம் கேட்டு நின்ற இரண்டு பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நீ அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

"புல்லு சாவக்கூடாது. அந்தக் காட்டாமணக்கு மட்டும் சாவணும். அப்டி ஒன்னு கீதா இல்லியா, அத்த சொல்லு."

"கீதுடி" என்றேன். கடையில் நான் அப்படிப் பேச மாட்டேன். முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

நீ அவ்வளவு அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. தெருவில் மாடு நின்றால் மாநகராட்சி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. மாட்டை நாள் முழுக்கச் சந்தில் கட்டிவைத்தால் அக்கம்பக்கம் சண்டை. ஊருக்கு மந்தைவெளி என்று பெயர் வைத்துக்கொண்டு, மந்தை மட்டும் வரக்கூடாதாம், நல்லா இருக்கு கூத்து. மிச்சம் இருந்தது ஒரே இடம். ஆற்றோரம், சுற்றுச்சுவர் போட்ட ஒரு அறக்கட்டளை நிலம். எந்தக் காலத்திலோ யாரோ ஒரு புண்ணியவான் பசுக்கள் மேய்வதற்கென்று எழுதிவைத்தது. அதையும் இந்தச் செடி பாதிக்கு மேல் முழுங்கியிருந்தது. ஆளுயரம், உள்ளே பொந்தான தண்டு, கத்தரிப்பூ நிறத்தில் மணி மாதிரிப் பூ. தூரத்திலிருந்து பார்த்தால் அழகுதான். மாடு மோந்து பார்த்துவிட்டுத் தும்மும், தொடாது. கீழே புல் முளைக்க வெயில் விடாது. பாம்பு வருகிறது என்று பக்கத்து அடுக்குமாடிக்காரர்கள் மனு மேல் மனு. அறக்கட்டளை மேனேஜர் உன்னிடம் சொல்லிவிட்டார்: "நிலம் நிலமா இருந்தாத்தாம்மா மாட்டுக்கு. இப்படியே காடா கெடந்தா கமிட்டி வேற ஏதாவது பண்ணிடுவா."

நாம் முதல் வருஷம் அடித்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மருந்து வெள்ளைத் தூள். அகல இலைச் செடியைக் கொல்லும், புல்லை விட்டுவிடும். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நாம் அதை அங்கிருந்த போர் தண்ணீரில் கரைத்தோம். வாயில் வைத்தால் கரிக்கிற அந்த உப்புத் தண்ணீரில் தூள் திரிந்து, கெட்டுப்போன பால் மாதிரிக் கட்டி கட்டியாக நின்றது. முதுகில் மாட்டிய தெளிப்பானில் மூக்கு அடைத்துக்கொண்டது. நீ அதைக் கழற்றி வாயால் ஊதப் போனாய், நான் உன் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் செடி குளித்துவிட்டு வந்தது போல நிற்கிறது. முதலாளியிடம் கேட்டேன். "கெட்டித் தண்ணில கரைச்சா அப்படித்தான். நல்ல தண்ணி வேணும்" என்றார். அடுத்த முறை நீ கேன் தண்ணீர் வாங்கினாய். கேனை வண்டியிலிருந்து இறக்கும்போது வாயெல்லாம் வசவு. "நான் கேன் தண்ணி குடிச்சதில்ல, என் மாடு குடிச்சதில்ல. இந்த நாசமாப் போற செடிக்கு மினரல் வாட்டரு!"

அதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே நிற பனியன் போட்ட முப்பது பேர் வந்தார்களே, நினைவிருக்கிறதா? விஷமே வேண்டாம், கையாலேயே அகற்றுகிறோம் என்று. நல்ல பிள்ளைகள்தான், வேர்க்க விறுவிறுக்க வேலை பார்த்தார்கள். மிஷின் வைத்து அறுத்தார்கள், துண்டு துண்டாக நிலம் பூராவும் இறைந்தது, போட்டோ எடுத்துக்கொண்டார்கள், வாழைப்பழம் தின்றுவிட்டுப் போனார்கள். நீ சுவரோரம் நின்றுகொண்டு, "தம்பி, அறுத்தத அள்ளிகினு போங்கப்பா" என்று கெஞ்சினாய். நாளைக்கு லாரி வரும் என்றார்கள். லாரி வரவில்லை, மழை வந்தது. கிடந்த ஒவ்வொரு துண்டும் வேர் விட்டது. அதுவரை செடி இல்லாத இடத்திலும் செடி. விதை போட்டு ஒரு வருஷம் இருந்துவிட்டுச் சாகிற பூண்டு என்றால் பிடுங்கிப் போட்டுவிடலாம். இது வருஷக்கணக்காக நிற்கிற ஜென்மம், தண்டில் ஒரு கணு மிஞ்சினால் போதும்.

விஷம்தான். இல்லை என்று நீயும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. விஷம் என்று தெரிந்ததால்தான் அத்தனை பாடு பட்டோம். ஆற்றுப் பக்கம் பத்து முழத்துக்கு மருந்தே கிடையாது, அங்கே நீ மண்வெட்டியால் தோண்டி வேரோடு எடுத்தாய். கடல்காற்று எழுவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். பத்து மணிக்கு மேல் காற்று திரும்பினால் மருந்து அப்படியே அடுக்குமாடிக்காரர்களின் தக்காளிச் செடியில் போய் விழும். அதனால் பால் கறந்து முடித்த கையோடு, காகம் கத்தும்போதே வருவோம். வாயைக் கட்டு, கையுறை போடு, காற்றுக்கு எதிரே நிற்காதே என்று நான் மருந்துப் பெட்டியின் அட்டையில் இருந்ததை எல்லாம் ஒப்பிப்பேன். "சரி டீச்சர்" என்பாய்.

நாள் குறித்தது நீ. அமாவாசை. அன்றைக்கு மாடு மேய்ச்சலுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. கோவில் மாடவீதியில் கொண்டுபோய் நிறுத்தினால் அகத்திக்கீரையும் வாழைப்பழமுமாக ஊரே ஊட்டிவிடும். உன் சந்திலேயே ஒற்றை மாடு வைத்திருந்த காதர் பாயின் மாடும் உன் மாடுகளோடு போய் நிற்கும். பாய் மாடு என்று யாருக்குத் தெரியும்? தெரிந்தாலும் மாடு கீரையை வேண்டாம் என்று சொல்லிவிடுமா? மறுநாளிலிருந்து கதவு பூட்டு. மூன்று வாரமோ நாலு வாரமோ, மாட்டுக்கு வைக்கோலும் மார்க்கெட்டில் கழித்துப் போடும் கோஸ் இலையும்தான். எப்போது திறக்கலாம் என்பதற்கு நீ காலண்டர் பார்க்கவில்லை. செடியின் தண்டை இரண்டு கையாலும் பிடித்து வளைப்பாய்.

"பட்டுனு ஒடியணும். வளைஞ்சா உயிர் கீது. உயிர் கீறவரிக்கும் கதவத் தெறக்கக்கூடாது."

ஏன் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தவள் ஆயிற்றே நான்.

இனிமேல்தான் அந்த இடம்.

மூன்றாவது வருஷம். புல் திரும்ப வந்துகொண்டிருந்தது, பாதி நிலம் பச்சை. மருந்து அடித்த ஒன்பதாம் நாள் உன் மகளுக்குப் பிரசவ வலி கண்டு நீ பெருங்குடிக்குப் போய்விட்டாய். சாவியை என்னிடம் கொடுத்தாய். இரண்டு நாள் கழித்துக் காதர் பாய் கடை வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. "தங்கச்சி, மாடு வயித்துல கன்னு கீது, நெறமாசம். வண்டி நம்ம சந்துலயே சுத்திகினு கீது. நாலு நாளு உள்ளார வெச்சுக்கறேன்மா. ஓரமா கட்டிப் போட்டுர்றேன்." நான் போய்ப் பார்த்தேன். செடி எல்லாம் வாடித் தலை தொங்கிக் கிடந்தது. தண்டை வளைத்துப் பார்க்கவில்லை. இந்தச் செடியை எந்த மாடும் தொட்டு நான் பார்த்ததில்லை, பச்சையாக இருக்கும்போதே தொடாததை வாடின பிறகா தொடப்போகிறது என்று நினைத்தேன். கதவைத் திறந்தேன்.

வாடினால்தான் அதன் கசப்பு அடங்கித் தித்திப்பு ஏறும், வாடினால்தான் மாடு தின்னும் என்பது உனக்குத் தெரியும். அட்டையைப் படித்த எனக்குத் தெரியாது. இரண்டாம் நாள் பாய் பாவம் பார்த்துக் கயிற்றை வேறு அவிழ்த்துவிட்டிருக்கிறார். நாலாம் நாள் மாட்டுக்கு நடை தள்ளாடியது. கன்று செத்துப் பிறந்தது. மறுநாள் மாடு எழுந்திருக்கவே இல்லை. அதன் கண்ணை நான் பார்த்தேன். அதற்கு மேல் அதை எழுத முடியாது.

நீ தகவல் கேட்டுப் பெருங்குடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாய். கையில் பேத்திக்கு வாங்கின பிளாஸ்க் அப்படியே இருந்தது. கதவருகே பத்து இருபது பேர். கால்நடை டாக்டர் செடி விஷம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் கூட்டத்துக்கு மருந்து என்ற ஒரே சொல்தான் காதில் விழுந்தது. மேனேஜர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "யாரும்மா கதவைத் திறந்தது? எனக்கு அது தெரியணும்."

நான் வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து முதலாளி எப்போதோ சொன்னது காதில் கேட்டது. 'விக்கறதோட நம்ம வேலை முடிஞ்சுது. எவன் நிலத்துலயும் போய்க் கைய வெக்காத. வெச்சேன்னு தெரிஞ்சா மறுநாள் கடைக்கு வராத.' வீட்டுக்காரருக்கு வேலை போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. உனக்கு இதெல்லாம் தெரியும். நீ என்னைப் பார்த்தாய். பாயைப் பார்த்தாய், அவர் தலை குனிந்து நின்றார். பிளாஸ்கைக் கீழே வைத்தாய்.

"நான்தான் ஊருக்குப் போசொல்ல தெறந்து உட்டுட்டுப் போனேன். சாவி என்கிட்டதான இருக்கும்? இன்னா இப்போ?"

நான் பேசாமல் நின்றேன். பாயும் பேசாமல் நின்றார்.

அடுத்த வாரம் உன் செவலைக் கிடாரியை ஓட்டிக்கொண்டு போய்ப் பாய் வாசலில் கட்டிவிட்டு வந்தாய். அதற்கப்புறம் ஒரே ஒரு முறை நான் பேச்சை எடுத்தேன். நீ பால் கேனைத் தேய்த்துக்கொண்டிருந்தாய், நிமிரக்கூட இல்லை. "நீ சொல்லிருந்தா உன் வேல பூடும். நான் சொன்னதுல எனக்கு இன்னாடி பூடுச்சு? மாடு இன்னும் என்கிட்டதான் வாலாட்டுது. போ, போய் வேலயப் பாரு." நான் அதை நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. உன்னிடம் பால் வாங்கிய வீடுகள் ஒவ்வொன்றாக நின்றன. 'மருந்து மாட்டுப் பால் வேண்டாம்' என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். மருந்துக்காரி என்ற பெயர் தெரு தாண்டிப் போனது. நீ அந்தப் பெயரோடு ஏழு வருஷம் அதே தெருவில் நிமிர்ந்து நடந்தாய், வருஷா வருஷம் தை அமாவாசைக்கு மருந்தும் அடித்தாய். "விட்டா திரும்ப வந்துரும்டி. நான் எவனுக்கோசரம் விடணும்?" என்றாய். வருஷத்துக்கு வருஷம் அடிக்க வேண்டிய செடி குறைந்தது. கடைசி இரண்டு வருஷம் தெளிப்பான்கூட வேண்டியிருக்கவில்லை. வெட்டின அடிக்கட்டையில் பிரஷ்ஷால் தடவியே முடித்தாய். அதை எவனும் பேசவில்லை.

இந்த வருஷம் நீ இல்லை. உன் மகள் பெருங்குடி அடுக்குமாடியில் மாட்டை எங்கே கட்டுவாள்? உன் இரண்டு மாட்டையும் நான்தான் பார்க்கிறேன். நான் கடை வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது, பொழுது போக வேண்டுமே என்று உன் மகளிடம் சொன்னேன். பொய். சின்னது என் குரலுக்கு இன்னும் பால் இறக்குவதில்லை. உன் குரல் மாதிரி இழுத்துக் கூப்பிட்டுப் பார்க்கிறேன், ஏமாற மாட்டேன் என்கிறது. மழைக்குப் பிறகு செடி மறுபடி தலை தூக்கியது. அதே சமயம் நடைப்பயிற்சி சங்கத்துக்காரர்கள் கமிட்டிக்கு மனு கொடுத்தார்கள். மண்ணெல்லாம் விஷமாம், மாடு செத்த இடமாம், மாடுகளை வெளியேற்றிவிட்டு நடைபாதை போட வேண்டுமாம். போன ஞாயிறு காலை கூட்டம்.

பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆளுக்கு ஒரு டம்ளர் காப்பி. மாட்டுக்காரர்கள் நாங்கள் ஐந்து பேர். மேனேஜருக்கு வயதாகிவிட்டது, குரல் நடுங்குகிறது, ஆனால் நமக்கு நல்லது செய்யத்தான் நினைத்தார். ஒரு தாளை எடுத்து வைத்தார். "நான் ரொம்ப பேசிப் பாத்துட்டேன். கமிட்டி ஒரு வழி சொல்றா. இதுல கையெழுத்துப் போட்டுடுங்கோ, மாடு இருந்துண்டு போகட்டும்." தாளில் இருந்தது இதுதான்: இதுவரை அடித்த மருந்துக்கும் மாடு செத்ததற்கும் இறந்துபோன இன்னார் ஒருவரே பொறுப்பு, அவர் எங்களுக்குத் தெரியாமல் செய்தார், இனி மருந்து தொட மாட்டோம். உன் முழுப் பெயரும், உன் அப்பா பெயரும் டைப் அடித்திருந்தது.

முதல் மூன்று பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒருவர் என் காதிலேயே சொன்னார்: "போட்டுடும்மா. செத்தவங்க வந்து கேக்கப்போறாங்களா?" பேனா என்னிடம் வந்தது.

போடாவிட்டால் மாடுகளுக்கு நிலம் இல்லை. உன் இரண்டு மாடும் தெருவுக்குத்தான் போகும், தெருவிலிருந்து வண்டிக்கு. இது தெரிந்துதான் எழுந்தேன். 

"அவ தெறக்கல சார். நான் தெறந்தேன். சாவி என்கிட்ட இருந்துச்சு. செடி காஞ்சிருக்கான்னு பாக்காம தெறந்தேன். மாடு செத்தது என்னால. அவ எனக்காகப் பொய் சொன்னா, நான் ஏழு வருஷம் வாயப் பொத்திகினு அவ பின்னாடி ஒளிஞ்சுகினேன். இந்தத் தாள்ல அவ பேரு இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். மருந்தும் விட மாட்டேன். அவ மருந்து அடிச்சதாலதான் அங்க புல்லுனு ஒன்னு கீது. இல்லைனா இன்னிக்கு நீங்க நடக்கறதுக்குக்கூட அங்க எடம் இருந்திருக்காது."

சங்கத்துக்காரர், ரிட்டயர் ஆன ஆபீசர், அமைதியாகக் கேட்டார்: "அப்ப விஷம் அடிச்சதை ஒத்துக்கறீங்க?"

"ஒத்துக்கறேன். அடிச்சப்புறம் கதவ மூடி வெக்கணும். நான் மூடி வெக்கல. தப்பு மருந்து மேல இல்ல, அவ மேலயும் இல்ல. என் மேல."

அப்போது காதர் பாய் எழுந்தார். தடியை ஊன்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துப் பேசினார்.

"என் மாட்டுக்குத்தான் தெறந்துச்சு அந்தப் பொண்ணு. நான்தான் போய்க் கேட்டேன். கயித்த அவுத்ததும் நானு. அன்னிக்கு அந்தம்மா நான்தான்னு சொல்லும்போது நான் வாயத் தெறக்கல. அப்புறம் அவங்க வூட்டு கிடாரியக் கொண்டாந்து கட்டுனாங்க, வாங்கிகினேன். அது நாலு ஈத்து ஈனிடுச்சு. இன்னிவரிக்கும் அது பால்லதான் நான் டீ குடிக்கறேன். நானும் கையெழுத்துப் போட மாட்டேன். நெலம் போனா போவட்டும்."

அவர் தடியோடு தடுமாறி உட்காரப் போனார். நான் போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். ஏழு வருஷமாக ஒரே தெருவில் இருந்துகொண்டு நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தோம். கிழவர் அழுதுகொண்டிருந்தார். கையெழுத்துப் போட்ட மூன்று பேரில் ஒருவர் எழுந்துபோய்த் தாளில் தன் பெயரை அடித்துவிட்டு வந்தார். மற்ற இருவரும் உட்கார்ந்தே இருந்தார்கள். அவர்கள் மேலும் எனக்குக் கோபம் இல்லை, ஏழு வருஷம் நான் செய்ததை அவர்கள் ஒரு காலைப்பொழுது செய்தார்கள்.

மேனேஜர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கமிட்டிக்காரர்களோடு உள்ளே போனார், வெகுநேரம் கழித்து வந்தார். "ஒரு வருஷம் தரா. அதுக்குள்ள செடி போயாகணும், ஒரு ஜீவனுக்கும் ஆபத்து வரப்படாது. மருந்து அடிச்சா கதவுல போர்டு வெக்கணும், என்னிக்கு அடிச்சது, எதுவரைக்கும் மாடு விடப்படாது, யார் பொறுப்புன்னு பேரோட. யார் பேர்ல எழுதட்டும்?" என்றார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளாதே. சங்கத்துக்காரர் வாசலில் என்னிடம், "அடுத்த வருஷம் பாப்போம்மா" என்று மரியாதையாகத்தான் சொன்னார். நானும் மரியாதையாகத்தான் சொன்னேன், வாங்க சார், பாக்கலாம் என்று.

இன்று தை அமாவாசை. மாடுகள் பாயோடு மாடவீதிக்குப் போயிருக்கின்றன. கடல்காற்று வருவதற்குள் அடித்து முடித்துவிட்டேன். ஆற்றுப் பக்கம் பத்து முழம் விட்டுவிட்டேன், அதை நாளை தோண்ட வேண்டும், இடுப்பு என்ன சொல்லுமோ தெரியாது. கதவைப் பூட்டிவிட்டுப் பெயிண்ட் டப்பாவோடு போர்டின் முன்னால் நின்றேன். உன் மகள் போனில் கேட்டாள்: "பெரிம்மா, அம்மா பேரையும் ஒரு ஓரமா எழுதுங்களேன், அவங்க செஞ்ச வேலதான அது?" அவள் ஆசை எனக்குப் புரிகிறது. முடியாது என்றேன். மருந்து அடித்த நாள் எழுதினேன். தண்டு ஒடியும் வரை மாடு விடாதீர் என்று எழுதினேன். பொறுப்பு என்று எழுதி, அதன் பக்கத்தில் என் பெயரைப் பெரிய எழுத்தில், தெருவிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி எழுதினேன். உன் பெயர் அந்தக் கதவில் ஏழு வருஷம் எழுதாமலே தொங்கியது. இறக்கிவிட்டேன். இனி எவனாவது கேட்க வந்தால் என்னிடம் வந்து கேட்கட்டும்.